பெட்ரி பட்டறையின் பச்சைக் கதவு

வெரிங்கா ஊரில் சனிக்கிழமை காலையில் கோரல் சிங்லோயின் காய்கறிக் கடை பூட்டியிருந்தால், ஒன்று யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லை யாருக்காவது கல்யாணமாக இருக்க வேண்டும். அன்று இரண்டும் இல்லை. ஆனாலும் கோரல் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். வாசலில் நின்ற அண்ணன் மெர்வுடைய பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, துண்டில் சுற்றிய மூன்றடி இரும்பைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெஜ் உன்னை ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாரு," என்றார் மெர்வ். லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு நல்ல செய்தியின் மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. "மூணாவது தடவையும் போய் நிக்கணுமா?"

"ரெண்டு தடவையும் காகிதத்தோட போனேன். இன்னிக்கு இரும்போட போறேன்."

"அடிக்கவா?"

"வண்டியை எடு."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில், உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நடத்தும் அருங்காட்சியகம் இருந்தது. பழைய பள்ளிக்கூடம், பழைய வங்கி, ஒற்றை அறைச் சிறை, கொல்லன் பட்டறை எல்லாவற்றையும் இருந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே ஒரு தெருவாக நட்டு, 'முன்னோடிக் கிராமம்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஊருக்கு நூற்று அறுபது வயது ஆவதை முன்னிட்டு வாசலில் ஒரு புதுப் பலகை. அதில் முன்னோடிக் குடும்பங்களின் பெயர்கள், வந்த வரிசைப்படி, தங்க ரேக்கில். 1880 மார்ச்சில் ஊருக்கு ரயில் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் முன்னோடிகள். அதற்குப் பின் வந்தவர்கள், சங்கத் தலைவர் ரெஜ் பாம்ராயின் வாக்குப்படி, பயணிகள்.

பலகையில் இருபத்து நான்கு வரிக்குத்தான் இடம். இருபத்து நான்காவது பெயர் பாம்ராய். வந்தது 1879 நவம்பர். நாலே மாத வித்தியாசத்தில் முன்னோடியான குடும்பம் அது. வேறு யாராவது உள்ளே நுழைந்தால் பாம்ராய் கீழே விழுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ரெஜ் யாருடைய விண்ணப்பத்தையும் ஏன் அவ்வளவு உன்னிப்பாகப் படிக்கிறார் என்பதும் தெரியும். பல்லாயிரம் வருடமாக அந்த ஆற்றங்கரையிலேயே இருக்கும் விராஜரி பூர்வகுடி மக்களிடம் யாரும் சான்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பலகையை அக்கரை வரைக்கும் நீட்ட வேண்டியிருக்கும்.

சிங்லோய் குடும்பத்தின் கையில் இருந்த மிகப் பழைய காகிதம் 1883-ஆம் வருடத்தது. "அப்போ ரயில்ல வந்திருக்காங்க," என்று ரெஜ் இரண்டு முறையும் கையை விரித்துவிட்டார். கோரலின் அப்பா சாகும் வரைக்கும் சொன்னது வேறு: தன் தாத்தா நடந்து வந்தார், அவர் கீரை பயிரிட்ட நிலத்தின் ஓரத்தில்தான் பிறகு தண்டவாளம் போட்டார்கள். ஆனால் வாய்ச்சொல்லுக்குத் தங்க ரேக்கு ஒட்ட மாட்டார்கள்.

கோரலுக்குப் பெருமை ஒன்றும் வேண்டியதில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் முப்பது வருடம் கல்லாவுக்குப் பின்னால். தக்காளியை அமுக்கிப் பார்க்கும் வெளியூர்க்காரர்களில் பத்துக்கு மூன்று பேர் அவளுடைய சீன முகத்தைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி: "நீங்க எந்த ஊரு?" இந்த ஊர்தான் என்றால், "இல்ல, முதல்ல எந்த ஊரு?" இனி அந்தக் கேள்வி வந்தால் வாயைத் திறக்காமல் ஆற்றுப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்து தக்காளியை அமுக்கட்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இன்று மூன்று மணிக்குப் பலகை எழுதுகிறவள் தங்க ரேக்கோடு வருகிறாள். ரேக்கு ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மெர்வ் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையை இடித்தபோது தரைப்பலகைக்கு அடியிலிருந்து அந்த இரும்பு வந்தது. சூட்டுக்கோல். குதிரைக்குச் சூடு போடுவது. நுனியில் ஒரு சதுரம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. பார்க்க நாலு கண்ணாடி வைத்த ஜன்னல், சீன எழுத்தாகப் படித்தால் வயல். சதுரத்தின் கீழ் வலது மூலை மட்டும் ஒட்டவில்லை. அடித்த கொல்லன் அவசரக்காரன் போலிருக்கிறது. நகக்கண் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தான்.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் கோரலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தோடு முன்னோடிக் கிராமத்துக்குப் போனபோது, பட்டறைக் கதவு நிறையக் கருகிய குழிகள். அந்தக் காலத்தில் புதுச் சூட்டுக்கோலைக் கொல்லன் முதலில் தன் கதவில்தான் வைத்துப் பார்ப்பான். வாங்க வந்தவன் குறி சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு எடுத்துப் போவான். டீச்சர் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கோரல் ஒரு ஜன்னல் குழிக்குள் விரலை வைத்து ஓட்டினாள். விரல் சுற்றி வந்து கீழ் மூலையில் வெளியே நழுவிவிட்டது. மூட மறந்த ஜன்னல் என்று நினைத்துக்கொண்டாள்.

அது அவள் வீட்டு ஜன்னல்தான் என்று தெரிந்துகொள்ள நாற்பத்தொரு வருடம் ஆயிற்று.

வாசலில் ஒரே கூட்டம். வருடத்துக்கு ஒருமுறை எல்லா இயந்திரங்களையும் ஓட்டிக் காட்டும் நாள் அது. நீராவி எந்திரம் ஊதிய ஊதலில் குதிரைகள் காதை நிமிர்த்தின. கூடாரத்தில் ஸ்கோன் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ரெஜ் பாம்ராய், வயது எழுபத்து மூன்று, கறுப்புக் கையில்லாக் கோட்டும் சங்கிலிக் கடிகாரமுமாகச் சுற்றுலாப் பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"கோரல்," என்றார். "கடையைப் பூட்டிட்டு வந்திருக்க. முட்டைக்கோஸ் எல்லாம் அழாதா?"

"அதுங்க பொறுமைசாலிங்க, ரெஜ். எங்க குடும்பம் மாதிரி."

"மூணு மணிக்குப் பலகை எழுதறாங்க. வேணும்னா நின்னு பாரு."

"பாக்கத்தான் வந்தேன்."

அவர் கண் துண்டுச் சுருளின் மேல் ஒரு கணம் நின்றது. அதற்குள் பேருந்து ஒலி எழுப்பியது. அவர் போய்விட்டார்.

கோரல் ஓடவில்லை. ஆனால் மெர்வ் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கினார். பள்ளிக்கூடம், வங்கி, சிறை எல்லாம் தாண்டி, கடைசியில் பட்டறை. உள்ளே உலையில் நெருப்பு. ஓய்வுபெற்ற மெக்கானிக் டூலன், சனிக்கிழமைகளில் இங்கே சம்பளமில்லாத கொல்லன், அடைகல்லில் ஒரு கொக்கியை அடித்து வளைத்துக்கொண்டிருந்தார்.

கோரல் கதவைப் பார்த்தாள். துண்டு கையிலிருந்து நழுவியது.

கதவு பச்சை. அடர்ந்த, பளபளக்கிற, முகம் பார்க்கலாம் போன்ற பச்சை. ஒரு குழி இல்லை. ஒரு கீறல் இல்லை. மேலே ஒரு பலகை வேறு: 'பெட்ரியின் பட்டறை, 1864–1877. அன்று இருந்தபடியே.'

"டூலன்," என்றாள், "இந்தக் கதவுல ஓட்டை எல்லாம் இருந்துச்சே?"

"இருந்துச்சு கோரல். எண்பத்தஞ்சுல நகரசபை நாப்பது லிட்டர் பச்சை பெயின்ட் சும்மா குடுத்துச்சு. சும்மா வந்ததை விடுவோமா? எல்லாரும் ஒரு சனி ஞாயிறு சேர்ந்து கிராமத்துல இருந்த கதவு பூரா அடிச்சோம். சிறைக்கதவுகூடப் பச்சைதான், பார்த்தீங்கல்ல? ரெஜ்தான் இந்தக் கதவுக்குப் பட்டி பார்த்தாரு. ஒரு ஓட்டை விடலையே மனுஷன். ரெண்டு நாள் முட்டி போட்டு, தேய்ச்சுத் தேய்ச்சு..." டூலன் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏன், என்ன ஆச்சு?"

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். "வா, போலாம். ஸ்கோனாவது சூடா இருக்கும்."

கோரல் போகவில்லை. கடைக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணுக்கு நன்றாக இருக்கிற பழத்தைக் கை நம்பாது. கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தாள். வழுவழுப்பு. இன்னும் இழுத்தாள். ஓர் இடத்தில் கை லேசாக இறங்கி ஏறியது. கொசு படுக்கிற அளவு பள்ளம்தான். ஆனால் பள்ளம்.

"பட்டி காய்ஞ்சா சுருங்குமா?" என்றாள்.

"நாப்பது வருஷத்துல நானே சுருங்கிட்டேன்," என்றார் டூலன்.

"மெர்வ், வண்டியில கடைத் தாள் உருளை இருக்குதே, காய் சுத்திக் குடுக்கறது. எடுத்துட்டு வா. டூலன், எனக்குக் கரி வேணும். நல்லா எரிஞ்ச கரி. கதவுல தாளை வச்சு மேல தேய்க்கப் போறேன். கதவுக்கு ஒண்ணும் ஆகாது."

"காட்சிப்பொருளைத் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"தொண்டர் அனுமதியோட தொடலாம்னும் எழுதியிருக்கு. அதே போர்டுல, ரெண்டாவது வரி. நீங்கதானே தொண்டர்?"

டூலன் தாடையைச் சொறிந்தார். "கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி செர்ரி."

"அரைப் பெட்டி."

"அரைப் பெட்டிக்குக் கதவுல மேல் பாதிதான் தேய்க்கலாம்."

"முக்கால் பெட்டி. கறுத்த செர்ரி. மூச்சு விடக்கூடாது."

"கரி இந்தா," என்றார் டூலன்.

மெர்வ் தாளை இரண்டு கையாலும் கதவில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கோரல் கரியைப் படுக்கைவாட்டில் வைத்துத் தேய்த்தாள். முதலில் வெறும் கறுப்பு. பிறகு கறுப்புக்குள் ஒரு வெள்ளை. ஓர் அம்புக்குறி.

"அட," என்றார் டூலன்.

அம்புக்குப் பக்கத்தில் தலைகீழ் லாடம். அதன் மேல் பாதி ஏறி ஒரு எழுத்து. ஒரு இதயம், கொஞ்சம் கோணல். ஒரு பிறை. தாள் நிறைந்தது; அடுத்த தாள். டூலன் கொக்கியை நெருப்பிலேயே மறந்துவிட்டார். அது உருகிக்கொண்டிருந்தது. மெர்வ், நல்ல செய்தியை நம்பாத மெர்வ், "இன்னும் கீழ, இன்னும் கீழ," என்று கிசுகிசுத்தார். பிடித்த தாள் நழுவியதால் ஒரு குறி இரண்டாக விழுந்தது.

மேல் பாதி முடிந்தது. பதினாறு குறிகள். ஜன்னல் இல்லை.

"உயரம்," என்றாள் கோரல் திடீரென்று. "நான் பத்து வயசு. எனக்கு எட்டற உயரம்தானே இருக்கும். அந்தத் தொட்டியை நகத்துங்க."

கதவின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு, சூட்டு இரும்பை முக்கிக் குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டி நின்றது. பாதிப் பீப்பாய், முழுத் தண்ணீர். டூலனும் மெர்வும் தோள் கொடுத்தார்கள். தொட்டி அசைந்து, டூலனின் பூட்ஸுக்குள் கால்வாசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நகர்ந்தது.

"ஒரு பெட்டி," என்றார் டூலன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு பெட்டி," என்றாள் கோரல். பேரம் பேச நேரமில்லை. முட்டி போட்டுத் தேய்த்தாள். ஒரு கோடு வந்தது. இன்னொரு கோடு. குறுக்கே ஒன்று. சதுரம். அவள் கை தன்னைப்போல் வேகத்தைக் குறைத்தது, கீழ் வலது மூலைக்கு வரும்போது நின்றே விட்டது. மூச்சை இழுத்து, மெதுவாகத் தேய்த்தாள்.

மூலை மூடவில்லை.

கோரல் தரையிலேயே உட்கார்ந்தாள். மெர்வ் சூட்டுக்கோலை எடுத்து, தாளில் இருந்த வெள்ளைக் கோட்டின் மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு. இடைவெளிக்கு இடைவெளி. அவர் வாயைத் திறந்தார். கத்தப் போகிறார் என்று தெரிந்தது.

"கத்தாதே," என்றாள் கோரல். கன்னத்தில் கரி. "தாளைச் சுருட்டு. தொட்டியைப் பழையபடி வைங்க."

"ஏன்? ஓடிப் போய்க் காட்டலாமே?"

"இப்பக் காட்டினா, இந்தக் கதவு வேற வீட்டுக் கதவு, இந்தச் சூடு ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறுல போட்டதுன்னு சொல்லுவாரு. முதல்ல அவரே வாயைத் திறந்து சொல்லட்டும். அதுவும் ஆள் முன்னாடி."

இரண்டு மணிக்கு ரெஜ் பேருந்துக் கூட்டத்தோடு வந்தார். நாற்பது பேர், எல்லோரும் வெயில் தொப்பி. ரெஜ்ஜுக்குப் பட்டறைதான் மிகப் பிடித்த இடம். அதை அவர் சொல்லும்போது எதிரிகூடக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"1877 ஆகஸ்ட் ஒன்பது," என்று தொடங்கினார். "டூகல்ட் பெட்ரி ஒரு வண்டிக் குதிரைக்கு லாடம் கட்டிக்கிட்டிருந்தாரு. குதிரைக்கு அன்னிக்கு மனசு சரியில்ல. ஒரே உதை. மனுஷன் இந்தக் கல் மேலேயே சாஞ்சாரு. அன்னிக்கு அணைஞ்ச உலை. பட்டறையை ஒரு விவசாயி வாங்கி வைக்கோல் போட்டு வச்சிருந்தாரு. நாங்க வந்து மறுபடி பத்த வைக்கிற வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல இதுல ஒரு இரும்புகூடச் சுடல."

கோரல் கூட்டத்தின் பின்னாலிருந்து கையைத் தூக்கினாள். "கதவும் அதே கதவா, ரெஜ்?"

"அதே கதவு. ஒரு ஆணிகூட மாத்தல."

"அப்போ கதவுல ஏதாச்சும் சூட்டுக்குறி இருந்தா?"

"இருந்துச்சே, நிறைய. பெட்ரி கையால வச்சது. அத்தனையும் எழுபத்தேழுக்கு முன்னாடி. சந்தேகமே வேண்டாம்."

"நீங்க பத்த வச்சப்புறம் யாரும் வச்சிருக்க மாட்டாங்களே?"

"கொண்டு வந்து நிறுத்தின ரெண்டாவது வருஷமே நான்தான் பட்டி பார்த்தேன். அதுவரைக்கும் ஒருத்தனையும் கிட்ட விடல," என்றார் ரெஜ், பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. கோரல் கன்னத்தில் கரி இருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

மெர்வ் தாளை விரித்தார். கோரல் இரும்பை அதன் மேல் வைத்தாள். நாற்பது வெயில் தொப்பிகளும் முன்னால் குனிந்தன.

ரெஜ் கடிகாரச் சங்கிலியைத் திருகினார். பிறகு, "சூட்டுக்கோல் செஞ்சுக்கிட்டான்னா இங்கதான் குடியிருந்தான்னு அர்த்தமா?" என்றார். குரலில் பலம் இல்லை.

"குதிரைக்குப் போடற சூடு, ரெஜ். வழிப்போக்கன் எவனாவது ஊர் ஊரா நின்னு குறி செஞ்சு வாங்குவானா? குதிரை இருந்துச்சு, திருட்டுப் பயம் இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான். இதுக்குப் பேரு குடியிருக்கிறது இல்லன்னா வேற என்ன?"

யாரோ சிரித்தார்கள். ரெஜ் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கோரலைப் பார்க்கவும் இல்லை. கண் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று முட்டி போட்டார். எழுபத்து மூன்று வயது முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

"இந்த அம்பு மெக்ரே வீட்டோடது," என்றார். "பிறை... பிறை யாரோடது? இந்த லாடத்துக்கு மேல எழுத்து ஏறியிருக்கே, அப்போ லாடம் பழசு. கோரல், இதைப் பார்த்தியா? லாடம் எழுத்தைவிடப் பழசு. டூலன், இது தெரியுமா உனக்கு? பதினாறு... பதினேழு... கடவுளே, ஊரே இருக்குது இதுல." அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். "இந்தக் கையாலதான்யா மூடினேன். ரெண்டு நாள். ரொட்டிக்கு மாவு பிசையற மாதிரி பிசைஞ்சு அப்பினேன்."

"நல்லா அப்பியிருக்கீங்க தலைவரே," என்றார் டூலன். "ஈரம் உள்ள போகல. மரம் பிழைச்சுது."

ரெஜ் தலை நிமிர்ந்தார். கண்ணில் நீர், முகத்தில் பத்து வயதுப் பையனின் வெளிச்சம். "இன்னும் கதவோட கடைசி ஓரம் தேய்க்கலையே? கரி எங்க? கரி குடு!"

பிறகு நடந்தது ஒரு பெரிய அமளி. ரெஜ் தேய்த்தார், பேருந்துக்காரர்கள் தாள் பிடித்தார்கள், ஒரு பெண்மணி தன் வெள்ளைப் பாவாடையைக் கரியாக்கிக்கொண்டு அதைப் பற்றிக் கவலையே படவில்லை. இன்னும் ஐந்து குறிகள் கிடைத்தன. பாம்ராய்க் குறி கிடைக்கவில்லை, கிடைக்கவும் முடியாது. பெட்ரி செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் பாம்ராய்கள் வந்தார்கள். ரெஜ்ஜுக்கு அது தெரியும். தெரிந்தும் கடைசி மூலை வரைக்கும் தேய்த்தார்.

மூன்று மணிக்கு எல்லோரும் வாசல் பலகைக்கு முன்னால் நின்றார்கள். பலகை எழுதும் தான்யா ஏணியில் இருந்தாள். இருபத்து நான்கு பெயர்களும் பென்சிலில் அளவெடுத்துக் கோடு போட்டாகிவிட்டது.

"மேல ஒரு பேரு ஏறினா கீழ ஒரு பேரு போகும்," என்றாள். "எழுத்தைச் சின்னதாக்க முடியாது. எல்லாம் அளந்தாச்சு. யாரு போறது?"

ரெஜ் பாக்கெட்டிலிருந்து ரப்பரை எடுத்தார். குனிந்து, கடைசி வரியில் இருந்த தன் பெயரைத் தானே அழித்தார். அழிக்கும்போது கை நிதானமாகத்தான் இருந்தது. முடித்ததும் ரப்பர் தூளை ஊதிவிட்டு நிமிர்ந்து, வேறெங்கோ பார்த்தார்.

கோரல் இந்தக் கட்டத்துக்குத் தயாராக வரவில்லை. சண்டை போட வந்தவள். அதற்கான வார்த்தைகளைப் பதினைந்து நாளாகக் கூராக்கி வைத்திருந்தாள். இப்படி வெறுங்கையோடு விட்டுக்கொடுக்கிற எதிராளியை என்ன செய்வது என்று முப்பது வருட வியாபாரத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பலகையை மேலும் கீழும் பார்த்தாள். சுற்றிலும் அகலமான மரச்சட்டம்.

"இந்தக் கீழ்ச்சட்டம் நாலு விரல் இருக்குமே," என்றாள். "அதுல எழுதலாமே."

"சட்டத்துலயா?" என்றார் ரெஜ். "கதவுக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்கும்."

"நூத்தம்பது வருஷமா நாங்க நின்ன இடம்தான். காத்து நல்லா வரும்."

ரெஜ்ஜின் மீசை ஒருமுறை துடித்தது. சிரிப்பா, வேறேதுவுமா என்று சொல்ல முடியாது.

தான்யா இறங்கி வந்து சட்டத்தை விரலால் அளந்தாள். "எழுதலாம். சொல்லப்போனா அங்க இடம் அதிகம். எழுத்து மத்ததைவிடக் கொஞ்சம் பெருசாவே வரும்."

"பெருசாவா?" என்றார் ரெஜ். குரலில் ஓர் உயிர் திரும்பியது.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் கோரல் உடனே. "மத்தவங்க அளவுதான்."

"இடம் இருக்குங்கறாங்களே."

"இடம் இருந்தா இருக்கட்டும். ஒரு நூல்கூட ஏறக்கூடாது."

"கால் அங்குலம்."

"அரைக்கால். அதுவும் முதல் எழுத்து மட்டும்."

"முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க," என்று தான்யா ஏணியில் ஏறி, 1877-க்கு உரிய வரியிலிருந்து பெயர்களை ஒன்று கீழே தள்ளி, அங்கே பென்சிலால் சிங்லோய் என்று எழுதி, தங்க ரேக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.